ஐடியா வானத்துல, ஸ்க்ரிப்ட் தரையில

இந்த வாட்டி வந்த கேள்வியில பாதிக்கு மேல சினிமா, அதுலயும் சயின்ஸ் ஃபிக்‌ஷன். லீவுல எல்லாரும் வீட்ல உக்காந்து பழைய படமா பாத்துத் தள்ளிருக்கீங்க போல. ஒரே சண்டைய ஆளாளுக்கு ஒரு பக்கத்துல இருந்து எழுதியிருக்கீங்க, அதனால சேத்து வச்சே பதில் சொல்லிடுறேன். கதையோட முடிவெல்லாம் உடைச்சுத்தான் பேசப்போறேன், படம் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

கேள்வி: சார், நானும் எங்க அண்ணனும் போன வாரம் 'ப்ரொமீதியஸ்' பாத்தோம். அண்ணன் பாதியிலயே எந்திரிச்சுப் போய் தோசை ஊத்த ஆரம்பிச்சுட்டான். "இவனுங்கல்லாம் சயின்டிஸ்டாடா, எங்க ஸ்கூல் லேப் அட்டெண்டருக்கு இவனுங்கள விட விவரம் தெரியும்"ங்குறான். மனுஷன யாரு படைச்சாங்க, எதுக்குப் படைச்சாங்கன்னு ஒரு படம் கேக்குது, அந்த தைரியத்துக்காகவே மத்ததெல்லாம் மன்னிச்சு விடலாம்ங்குறது என் கட்சி. ரெண்டு நாளா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. யாரு சரி?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: தம்பி, உங்க அண்ணன் சொன்னது சரி. ஆனா அவர் தோசை ஊத்தப் போன நேரம் தப்பு. ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல உங்க கட்சிக்கு என்ன பலம்னு பாப்போம். 2012ல வந்த படம், நம்மளப் படைச்சவங்களத் தேடி ஒரு சயின்டிஸ்ட் கூட்டம் கப்பல்ல வேற கிரகத்துக்குப் போற கதை. எடுத்தவர் ரிட்லி ஸ்காட், 1979ல 'ஏலியன்', 1982ல 'பிளேட் ரன்னர்', அப்புறம் முப்பது வருஷம் கழிச்சு இந்தப் பக்கம் திரும்பி வர்றாரு, எதிர்பார்ப்பு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கங்க. ஆரம்ப சீன் ஞாபகம் இருக்கா? ஐஸ்லாந்துல ஒரு பிரம்மாண்ட அருவி, விளிம்புல வெள்ளையா ஒரு ராட்சச உருவம், ஒரு கிண்ணத்துல இருந்து கருப்பா எதையோ குடிக்குது, உடம்பு உருகி உதிர்ந்து அருவியோட அருவியா கரையுது, அதோட துகள்ல இருந்து உயிர் முளைக்குது. ஒரு வார்த்தை டயலாக் கிடையாது. நான் தியேட்டர்ல 3டி கண்ணாடிய மாட்டிக்கிட்டு வாயப் பொளந்துட்டு உக்காந்திருந்தேன், பக்கத்துல இருந்தவரு பாப்கார்ன மெல்லுறத நிறுத்திட்டாரு. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு என்ன மார்க் வேணும்னாலும் போடலாம்.

அப்புறம் ஆளுங்க வாயத் தொறக்குறாங்க. அங்க இருந்து பிரச்சனை.

உங்க அண்ணன் கடுப்பானது எந்த இடம்னு நீங்க எழுதல, ஆனா எனக்குத் தெரியும். குகைக்கு மேப் போடுறதுக்குன்னே பறக்குற கருவி கொண்டு வந்த ஜியாலஜிஸ்ட், அதே குகையில வழி தெரியாம மாட்டிக்குவாரு. அவரு கூட இருக்குற பயாலஜிஸ்ட், ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன ஒரு பொணத்தப் பாத்து பயந்து ஓடி வந்தவரு, கொஞ்ச நேரத்துல உயிரோட பாம்பு மாதிரி ஒண்ணு படமெடுத்து நிக்குது, அதப் போய் கன்னுக்குட்டியக் கொஞ்சுற மாதிரி கொஞ்சுவாரு. காத்து நல்லாத்தான் இருக்குன்னு ஒருத்தர் ஹெல்மெட்டக் கழட்டுவாரு, பாத்துட்டு மத்தவங்களும் கழட்டுவாங்க. கிளைமாக்ஸ்ல அந்த ராட்சசங்களோட அவ்ளோ பெரிய கப்பல் சக்கரம் மாதிரி உருண்டு வருது, பக்கவாட்டுல நாலு எட்டு வச்சா முடிஞ்சுது, படத்துல வர்ற ஒரு அம்மா நேரா அது உருளுற பாதையிலயே ஓடுவாங்க. நம்ம ஊர் ரோட்டுல லாரிய வேடிக்கை பாக்குற கோழி கூட கடைசி நேரத்துல சைடுல பாயும்.

இதையெல்லாம் முட்டாள்தனம்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. நெஜத்துலயும் படிச்சவங்க முட்டாள்தனம் பண்றவங்கதான், அது பிரச்சனை இல்ல. என் கோவம் வேற இடத்துல. இந்த ஆளுங்களே இந்தப் படத்தோட ஐடியாவ நம்பல. யோசிச்சுப் பாருங்க, அந்த ராட்சசனோட டிஎன்ஏவும் நம்ம டிஎன்ஏவும் ஒண்ணுன்னு கண்டுபிடிக்கிறாங்க. மனுஷன் தோணுன நாள்ல இருந்து இத விடப் பெரிய நியூஸ் கிடையாது. அந்தக் கப்பல்ல பதினேழு பேர் இருக்காங்க, எத்தன பேருக்கு கை நடுங்குச்சு? யாராவது சாமி கும்புட்டாங்களா, அழுதாங்களா, அம்மாவ நெனச்சாங்களா? ரெண்டு மூணு வரியில பேசிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிடுவாங்க. ஹோலோவேன்னு அந்த ஹீரோ மாதிரி ஒருத்தர் வர்றாரே, வேற்றுகிரகத்துல வேற ஒருத்தங்க கட்டின கட்டடத்த கண்ணால பாத்துட்டு வந்த அன்னிக்கே, நேர்ல பேச யாரும் உயிரோட இல்லையேன்னு மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு தண்ணியடிப்பாரு. கீழடியில ஒரு பானை ஓடு கெடச்சாலே நம்மாளு நாலு நாள் தூங்க மாட்டான்.

படத்துல இருக்குறவங்களுக்கே அந்த விஷயம் பெருசாத் தோணலன்னா, டிக்கெட் வாங்கின எனக்கு ஏன் தோணணும்?

ஏன் இப்படி ஆச்சுன்னா, பாதிக் காரணம் ஸ்க்ரிப்ட் கை மாறுனது. ஜான் ஸ்பைட்ஸ் முதல்ல எழுதுனது 'ஏலியன்' படத்துக்கு நேரடி முன்கதை மாதிரி, முட்டை, நெஞ்சக் கிழிச்சுட்டு வர்ற பூச்சி எல்லாம் அதுல உண்டு. அப்புறம் டேமன் லிண்டலாஃப் வந்து அந்தப் பழைய சாமானையெல்லாம் குறைச்சு, படைச்சவன் யாருங்குற கேள்விய முன்னாடி கொண்டு வந்தாரு. முழுசா அந்தப் பக்கம் போயிருந்தாலும் சரி, முழுசா இந்தப் பக்கம் நின்னிருந்தாலும் சரி. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நின்னுடுச்சு. பேய்ப்படத்துக்கு யாராவது முட்டாள்தனம் பண்ணி சாகணும், தத்துவப் படத்துக்கு யாராவது யோசிக்கணும், ரெண்டு வேலையையும் ஒரே ஆளுங்க தலையில கட்டுனா அவங்க என்னதான் பண்ணுவாங்க பாவம்.

இப்போ தோசை விஷயம். நடுவுல ஒரு சீன் வரும். டேவிட்னு அந்த ரோபோ, மைக்கேல் ஃபாஸ்பெண்டர் பண்ணியிருப்பாரு, பில்லியர்ட்ஸ் டேபிள் பக்கத்துல அந்தக் குடிகாரர்கிட்ட பேசிட்டு இருக்கும். உங்காளுங்க என்னை எதுக்கு செஞ்சாங்கன்னு கேக்கும். செய்ய முடிஞ்சுது, செஞ்சோம்னு இவரு அசால்ட்டா சொல்லுவாரு. டேவிட் அதுக்கு ரொம்ப மரியாதையா, உங்களப் படைச்சவங்க உங்களுக்கு இதே பதிலச் சொன்னா உங்களுக்கு எவ்ளோ ஏமாத்தமா இருக்கும்னு யோசிச்சீங்களான்னு கேக்கும். கேட்டுட்டு கொஞ்ச நேரத்துல அவரு கிளாஸ்ல அந்தக் கருப்புத் திரவத்துல ஒரு சொட்டு விடும். அவ்ளோதான் சீன், ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும். மொத்தப் படமும் கத்திக் கத்தி கேக்க முயற்சி பண்ணின கேள்விய ஒரு வேலைக்காரன் முதலாளிகிட்ட மெதுவாக் கேட்டுட்டுப் போயிட்டான். இங்க கேள்வி மேல எங்கயோ வானத்துல தொங்கல, ஒருத்தன் நெஞ்சுல முள்ளு மாதிரி இருக்கு, அந்த முள்ளாலதான் அவன் அடுத்த காரியத்தப் பண்றான். உங்க அண்ணன் அநேகமா அந்த நேரத்துலதான் கல்லுல எண்ணெய் விட்டுட்டு இருந்திருப்பாரு.

இன்னொண்ணு, ஹீரோயின் ஷா தன் வயித்துல வளர்ற அந்த ஜந்துவ மெஷின்ல படுத்து தானே ஆபரேஷன் பண்ணி எடுப்பாங்களே, அந்த மெஷினுக்கு ஆம்பள உடம்புக்குத்தான் வைத்தியம் தெரியும்னு சொல்லும், என்ன ஒரு யோசனை! படைக்கிறதப் பத்தின படத்துல பிள்ளை பெறவே முடியாதவங்கன்னு இருந்த ஒரு பொண்ணுக்கு இது நடக்குது. ஆனா பாருங்க, தையல் போட்ட வயித்தோட ரத்தம் சொட்டச் சொட்ட அடுத்த ரூமுக்கு வர்றாங்க, என்னம்மா ஆச்சுன்னு ஒழுங்கா விசாரிக்க ஒரு நாதி இல்ல. நல்ல சீன எழுதிட்டு அடுத்த பக்கத்துலயே அத மறந்துடுறாங்க.

அதனால தீர்ப்பு: மன்னிக்கிறது வேற, காப்பாத்துறது வேற. நீங்க மன்னிக்கலாம், நானும் மன்னிச்சுட்டேன், இதுவரைக்கும் நாலு தடவை பாத்திருக்கேன். ஆனா நான் மன்னிச்சதால படம் நல்லாயிடாது. காப்பாத்தினது அந்த அருவி, அந்த பில்லியர்ட்ஸ் டேபிள், அந்த ஆபரேஷன் மெஷின், அவ்ளோதான். ஐடியா இந்த இடத்துலயெல்லாம் சீனா மாறுச்சு, மத்த இடத்துல வெறும் போஸ்டர். இதுல கொடுமை என்னன்னா 2017ல 'ஏலியன்: கோவெனன்ட்'னு அடுத்தது வந்துச்சு, அதுல அந்த ராட்சசங்களையே ஒரு பிளாஷ்பேக்ல கூண்டோட காலி பண்ணிட்டு மறுபடி பூச்சி பக்கம் போயிட்டாங்க. கேள்வி கேட்டவங்களே பாதியில எந்திரிச்சுட்டாங்க, உங்க அண்ணன் மாதிரி.

கேள்வி: மூளையில 10 சதவீதம்தான் நாம யூஸ் பண்றோம்னு 'லூசி' படத்துல சொல்றாங்களே, அது பொய்தானே? அடிப்படையே பொய்யா இருக்குற படத்த எப்படி ரசிக்கிறது?
(ஒரு பள்ளி ஆசிரியை, தர்மபுரி)

பதில்: பொய்தான் மேடம். உடம்பு எடையில மூளை கிட்டத்தட்ட 2 சதவீதம், ஆனா உடம்பு செலவழிக்கிற சக்தியில 20 சதவீதம் அது சாப்பிடுது. பத்துல ஒன்பது பங்கு சும்மா கெடக்குற ஒரு ஜாமானுக்கு உடம்பு இவ்ளோ தீனி போடுமா?

ஆனா அதுக்காக படத்தத் தள்ளாதீங்க. ஒரு பொய்ய நான் ஒத்துக்குறேன்னு சொல்லித்தான சீட்ல உக்காருறோம், விண்வெளியில சத்தம் கேக்காதுன்னு தெரிஞ்சும் ஸ்பீக்கர் அதிர வெடிக்கிறத ரசிக்கிறோம். அந்த ஒரு பொய்ய வாங்கிக்கிட்டு அடுத்தடுத்து அதுக்குள்ள உண்மையா நடந்துக்குறாங்களான்னுதான் பாக்கணும். 'லூசி'யில எனக்கு இடிச்சது 10 சதவீதம் இல்ல, உலகத்துல எல்லாமே தெரிஞ்ச ஒரு பொண்ணு துப்பாக்கி வச்சிருக்குற ரவுடிங்களுக்காக எதுக்கு இவ்ளோ நேரம் செலவு பண்ணணும்ங்குறதுதான்.

கேள்வி: 'சன்ஷைன்' பாத்தேன். முக்கால்வாசி அற்புதம், கடைசியில கத்தியத் தூக்கிட்டு ஒருத்தன் வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டான். கடைசி அரை மணி நேரம் கெட்டா முழுப் படமும் கெட்ட மாதிரிதானா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: பிரியாணி சாப்பிட்டு முடிக்கும்போது கல்லு கடிபட்டா, சாப்பிட்ட பிரியாணி ருசி இல்லாமப் போயிடுமா? ஆனா பல்லு வலிக்கும்ல. அந்த வலியோடதான் வீட்டுக்குப் போறோம்.

படிக்கிற மத்தவங்களுக்காக: 2007ல டேனி பாய்ல் எடுத்தது, எழுதுனது அலெக்ஸ் கார்லண்ட். சூரியன் அணையப்போகுது, எட்டு பேர் ஒரு பெரிய பாம்ம எடுத்துக்கிட்டு அத மறுபடி பத்த வைக்கப் போறாங்க. சயின்ஸா பாத்தா நம்பவே முடியாத சமாச்சாரம். ஆனா எழுத்து எப்படின்னா, ஆக்சிஜன் குடுக்குற தோட்டம் எரிஞ்சு போயிடும், மிச்சம் இருக்குற காத்து நாலு பேருக்குத்தான் போதும், உயிரோட இருக்குறது அஞ்சு பேர். அஞ்சாவது ஆளு, இத்தனைக்கும் காரணமான தப்பப் பண்ணிட்டு குத்த உணர்ச்சியில நொறுங்கி மயக்கத்துல படுத்துக் கெடக்கான். அவனக் கொன்னுடலாமான்னு மத்த நாலு பேரும் உக்காந்து ஓட்டுப் போடுவாங்க. ஒரு பொண்ணு மட்டும் முடியாதும்பா. பூமியில இருக்குற மொத்த ஜனம் ஒரு பக்கம், தூங்குற ஒருத்தன் இன்னொரு பக்கம். சூரியனப் பத்தின படம் ஒரு சின்ன ரூம்ல நாலு பேரு மூஞ்சிக்குள்ள வந்து உக்காந்துக்குது பாருங்க, 'ப்ரொமீதியஸ்'ல நான் தேடுனது இதத்தான்.

இன்னொண்ணு சொல்றேன், நீங்க திட்டுற அந்தக் கத்திக்காரன் உள்ள வர்ற விதத்தையே கவனிங்க. அந்த மயக்கத்துல இருந்தவன் செத்தே போயிடுவான், இப்போ நாலு பேர், காத்து சரியா இருக்கணும், ஆனா கணக்கு இடிக்குது. ஏன் பத்தலன்னு கம்ப்யூட்டரக் கேட்டா, அஞ்சு பேர் இருக்கீங்கன்னு சொல்லும். நாலு பேருதானேன்னு பேர் பேரா சொன்னாலும், இல்ல அஞ்சும்பா. எனக்கு முதுகுல சில்லுனு ஏறுச்சு. ஆக்சிஜன் கணக்குலயே பேயக் கொண்டு வந்துட்டாங்க! அது வரைக்கும் எழுத்து முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. அந்தாளு உருவம் ஸ்க்ரீன்ல வந்து கத்தியால குத்த ஆரம்பிச்ச பிறகுதான் பேனாவ மூடி வச்சுட்டாங்க. அதனால அரை மணி நேரம்னு சொல்லாதீங்க, ஒரு இருபது நிமிஷமா குறைச்சுக்கங்க.

கேள்வி: எப்பப் பாத்தாலும் இங்கிலீஷ் படமே பேசுறீங்க. தமிழ்ல பெரிய ஐடியா இல்லையா, இல்ல எழுதத் தெரியலையா?
(ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: கோவப்படாதீங்க, ரெண்டுமே இருக்கு. 1963லயே 'கலை அரசி'னு எம்ஜிஆர் படம் வந்துச்சு. வேற்றுகிரகத்துக்காரங்க விஞ்ஞானத்துல நம்மள விட எங்கயோ போயிட்டாங்க, ஆனா அவங்ககிட்ட பாட்டும் ஆட்டமும் இல்ல, அதக் கத்துக்கிறதுக்காக பூமியில இருந்து நல்லாப் பாடுற பானுமதியத் தூக்கிட்டுப் போறாங்க. நம்ம தங்கத்துக்கும் தண்ணிக்கும் வரல, சங்கீதத்துக்கு வர்றாங்க! இந்த ஒரு வரி யோசனைய இன்னிக்கு யாராவது ஒழுங்கா எழுதி எடுத்தா நான் முதல் நாள் முதல் ஷோ.

அப்புறம் 'எந்திரன்', 2010. அதுல எது நல்ல சீன்னு யாரக் கேட்டாலும் கடைசியில ரோபோவெல்லாம் சேந்து பந்தா உருளுறதும் பாம்பா எந்திரிச்சு நிக்கிறதும்தான் சொல்லுவாங்க, கிராஃபிக்ஸ் ஜோர்தான், ஒத்துக்குறேன். ஆனா எனக்கு அந்தப் படத்துல தூக்கம் போன சீன் தீ விபத்து. சிட்டி எரியிற கட்டடத்துல இருந்து ஒவ்வொருத்தரா தூக்கிட்டு வரும், குளிச்சுட்டு இருந்த ஒரு பொண்ண அப்படியே துணி இல்லாம தூக்கிட்டு வந்து ஊரு முன்னாடி, கேமரா முன்னாடி எறக்கி விடும். உயிரக் காப்பாத்திட்டோம்னு அது நிக்குது. அந்தப் பொண்ணு கூனிக்குறுகி ஓடிப்போய் வண்டியில அடிபட்டு செத்துடும். உயிருன்னா என்னன்னு அதுக்குத் தெரியும், மானம்னா என்னன்னு தெரியாது. ரோபோவுக்கு மனசு வேணுமாங்குற கேள்விய இத விட எங்கயும் கேட்டு நான் பாக்கல, அதுவும் நம்ம ஊரு தெருவுல, நம்ம ஊரு கூட்டத்துக்கு நடுவுல மட்டுமே நடக்கக்கூடிய மாதிரி. அதனாலதான் விஞ்ஞானி அதுக்கு உணர்ச்சி குடுக்கவே கிளம்புறாரு, மொத்த ரெண்டாம் பாதியும் அந்தப் பொண்ணு சாவுல இருந்து பொறக்குது. பெரிய படத்துக்கு ஒரு சீன் தூணா நிக்கிறதுன்னா இதான்.

2018ல '2.0' வந்துச்சு. ஊர்ல இருக்குற செல்போன் எல்லாம் கையில இருந்து பிச்சுக்கிட்டுப் பறக்குது, பறவைகளுக்காக செத்தவன் ஒருத்தன் அந்த போன்களாலயே ஒரு பறவையா எந்திரிச்சு வர்றான். செம ஐடியா. டவர் கதிர்தான் குருவியக் கொல்லுதுங்குறது நிரூபணம் ஆன விஷயம் இல்ல, கூடு கட்ட எடமும் குஞ்சுக்குக் குடுக்கப் பூச்சியும் இல்லாமப் போனதத்தான் பலரும் சொல்றாங்க, ஆனா மேல தர்மபுரி மேடத்துக்கு சொன்ன மாதிரி ஒரு பொய்ய நான் வாங்கிக்கிறேன். அக்‌ஷய் குமார் கிழவரா வர்ற அந்த பிளாஷ்பேக்ல ஒரு மனுஷனோட வலி இருக்கு. அதுக்கு அப்புறம்? போன் இல்லாம ஒரு ஊரு எப்படி இருக்கும்? யாரு நிம்மதியா தூங்குனா, யாரு துபாய்ல இருக்குற புருஷன்கிட்ட பேச முடியாமத் தவிச்சா, பேங்க் ஓடிபி இல்லாம எவன் ரோட்டுல நின்னான்? ஒண்ணும் தெரியாது. ஸ்டேடியத்துல சண்டைக்குப் போயிட்டோம். சண்டை முடிஞ்சதும் அந்தாளு சொன்னதுலயும் நியாயம் இருக்குன்னு டயலாக்ல ஒரு வார்த்த சொல்லி விட்டுட்டாங்க.

இதுக்கு நேர் எதிரா 2015ல ரவிக்குமார் எடுத்த 'இன்று நேற்று நாளை'. டைம் மெஷின் கெடைக்குது, கெடச்சவனுங்க என்ன பண்றானுங்க? உலகப் போர நிறுத்தப் போகல, ஜோசியக் கடையோட சேந்து காணாமப் போன பொருள் எங்க இருக்குன்னு சொல்லி காசு பாக்குறானுங்க. நம்மாளு கையில கெடச்சா வேற என்ன பண்ணுவான்! ஐடியா ஒண்ணும் புதுசு இல்ல, டைம் மெஷின் அரதப் பழசு. ஆனா அந்த ஆளுங்க அத நம்புறானுங்க, அவனுங்க அளவுக்கு நம்புறானுங்க, அவனுங்க பண்ற சின்னச் சின்னத் திருட்டுத்தனத்துல இருந்தே ஒரு ரவுடி பொழைச்சு வந்து பெரிய வினை வருது. பட்ஜெட் பெருசு ஐடியா பெருசுன்னு நாம பேசிட்டே இருக்கோம், ஒரு ஜோசியர் போதும்னு அவரு காட்டிட்டாரு.

கேள்வி: 'இன்டர்ஸ்டெல்லார்' மாஸ்டர் பீஸா, ஓவர் பில்டப்பா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.
(ஒரு கல்லூரி மாணவி, வேலூர்)

பதில்: ஒரே வார்த்தை முடியாதும்மா, ரெண்டு சீன் சொல்றேன். விண்வெளிக் கப்பல் ஓட்ட ட்ரெய்னிங் எடுத்த பைலட்டுக்கு, வார்ம்ஹோல்னா, அதான் விண்வெளியில குறுக்கு வழி மாதிரி இருக்குற ஓட்டை, என்னன்னு அதுக்குள்ள நுழையப்போற நேரத்துல பேப்பர மடிச்சு பேனாவால குத்திக் காட்டுவாங்க. அது எழுத்து இல்ல, டியூஷன். அப்புறம் அந்தத் தண்ணிக் கிரகம், அங்க ஒரு மணி நேரம்னா பூமியில ஏழு வருஷம், திரும்பி வந்தா 23 வருஷம் போயிருக்கும், அவரு உக்காந்து பசங்க அனுப்புன வீடியோவ ஒண்ணொண்ணா பாப்பாரு, மக அப்பா கெளம்புன வயசுக்கு வந்து நிப்பா. எங்க தெருவுல ஒருத்தர் சவுதிக்குப் போயிட்டு பதினோரு வருஷம் கழிச்சு வந்தாரு, மக அவர மாமான்னு கூப்பிட்டுச்சு. அந்தப் படத்துக்கு யோசனை சொன்ன கிப் தோர்ன் 2017ல நோபல் வாங்குன இயற்பியல்காரரு, அவரு கணக்கையும் எங்க தெருக்காரர் கதையையும் ஒரே சீன்ல வச்சதுக்காக, அந்த அன்புதான் எல்லாத்தையும் தாண்டும்ங்குற பிரசங்கத்தக் கூட பொறுத்துக்குறேன்.

கேள்வி: அண்ணா, இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன், ஷார்ட் ஃபிலிம் எடுக்கப்போறேன். ஒருத்தரோட தூக்கத்த எடுத்து இன்னொருத்தருக்கு விக்கிற மெஷின், அதான் ஐடியா. மெஷினக் கண்டுபிடிச்ச கோடீஸ்வரன்தான் ஹீரோ. ஸ்க்ரிப்ட்டப் படிச்ச ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஐடியா வேற லெவல், ஆனா படம் போரடிக்குதுங்குறாங்க. ஐடியாவயே மாத்திடவா?
(ஒரு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: அய்யோ மாத்திடாதீங்க, நல்ல ஐடியா. ஆள மாத்துங்க. கோடீஸ்வரனுக்கு தூக்கம் வரலன்னா மாத்திரை போட்டுக்குவான், அவன வச்சு நான் என்ன பண்றது? எனக்கு விக்கிறவன் வேணும். நைட் ஷிஃப்ட் வாட்ச்மேன் ஒருத்தர், மக காலேஜ் ஃபீஸுக்காக பகல்ல தூங்க வேண்டிய நாலு மணி நேரத்தையும் வித்துட்டாரு, இப்போ கேட்டுல நின்னுக்கிட்டே கண்ணு சொருகுது. இல்ல கைக்குழந்த வச்சிருக்குற அம்மா, ஏற்கனவே தூக்கம் கெடையாது, இருக்குற ரெண்டு மணி நேரத்துக்கு நல்ல ரேட்டு கெடைக்குதுன்னு யாரோ சொல்றாங்க. புரோக்கர் யாரு? எடைக்கல்லுல ஏமாத்துற மாதிரி இதுல எப்படி ஏமாத்துவான்? வாங்கின தூக்கத்துல விக்கிறவன் கனவும் சேந்து வந்துட்டா? பாத்தீங்களா, நான் உங்க கதைய எழுத ஆரம்பிச்சுட்டேன்.

இன்னொண்ணு, உங்க ஸ்க்ரிப்ட்ல முதல் சீன் டிவி நியூஸ்தான? நியூஸ் ரீடர் வந்து மெஷினப் பத்தி விளக்குறாங்கதான? தூக்கிடுங்க. அந்த வாட்ச்மேன் ஒரு கடைக்குள்ள போறாரு, ஒரு மணி நேரம் கழிச்சு முகம் வெளுத்துப் போய் கையில ஐநூறு ரூபாயோட வெளிய வர்றாரு, அது போதும். காசு இல்லையேன்னு பயப்படாதீங்க, 2004ல 'ப்ரைமர்'னு ஒரு டைம் மெஷின் படம் வெறும் ஏழாயிரம் டாலர்ல எடுத்தாங்க, பாதிப் படம் கார் ஷெட்டுலயும் குடோன்லயும்தான் நடக்கும். அதுல பேசுறது ஒண்ணும் எனக்கு முதல் தடவை புரியல, ஆனா அந்த ரெண்டு பேருக்கும் புரியுது, அவங்களுக்குள்ள ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை போறது எனக்கு நல்லாவே புரிஞ்சுது. எடுத்து முடிச்சுட்டு லிங்க் அனுப்புங்க.

கேள்வி: மொக்கைன்னு தெரிஞ்சும் நீங்க திரும்பத் திரும்ப பாக்குற படம் எது? உண்மையச் சொல்லணும்.
(ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: 'ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்', 1979. டிவி சீரியலுக்குன்னு யோசிச்ச கதைய இழுத்து சினிமா ஆக்குனாங்க, ஷூட்டிங் நடக்க நடக்க ஸ்க்ரிப்ட்ட திருத்திட்டே இருந்தாங்க, அது அப்படியே தெரியும். கப்பலச் சுத்தி சுத்திக் காட்டுவாங்க, எல்லாரும் ஸ்க்ரீனப் பாத்து பிரமிச்சுக்கிட்டே இருப்பாங்க, நாம காபி போட்டு குடிச்சுட்டு டம்ளர் கழுவிட்டு வந்தாலும் பிரமிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க.

நான் அத முதல்ல பாத்தது சிடி கடையில வாடகைக்கு எடுத்து, ரெண்டு டிஸ்க். பூமிய நோக்கி வீஜர்னு ஏதோ ஒண்ணு வருது, எதிர்ல வர்றதையெல்லாம் அழிச்சுட்டு வருது, என்னப் படைச்சவன் எங்கன்னு தேடுது. கடைசியில ஹீரோ அதோட நடுவுக்கே போய் நிக்கிறாரு, ஒரு பழைய இரும்புத் தகட்டுல பேரு எழுதியிருக்கு, நடுவுல அழுக்கு மூடியிருக்கு, கையால தேய்க்கிறாரு. அங்க சிடி ஸ்ட்ரக் ஆயிடுச்சு. தொடச்சுப் போட்டேன், வாழைப்பழத்தோல் தேய்ச்சா ஓடும்னு யாரோ சொன்னாங்கன்னு அதையும் தேய்ச்சேன், ம்ஹூம். மணி ராத்திரி பன்னெண்டு. கடை மூடியாச்சு. மொட்ட மாடியில பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டு அந்தத் தகட்டுல என்ன எழுதியிருக்கும்னு விடிய விடிய யோசிச்சேன்.

மறுநாள் வேற சிடி வாங்கிப் பாத்தேன். வாயேஜர் 6. 1977ல நாசா அனுப்புனது வாயேஜர் 1, 2 ரெண்டுதான், ஆறாவது இவங்க கற்பனை. நாம அனுப்புன ஒரு சின்ன மெஷின் எங்கயோ போய், எல்லாத்தையும் கத்துக்கிட்டு, சொந்தப் பேரையே பாதி மறந்துட்டு, வீட்டத் தேடி வந்திருக்கு. அதுக்கு அப்புறம் வர்ற கிளைமாக்ஸ் வசனமெல்லாம் படு சுமார், என் மாடியில எனக்குத் தோணுனது அத விட நல்லா இருந்துச்சு. கடைக்காரரு கோடு விழுந்ததுக்கு நான்தான் காரணம்னு சொல்லி ரெண்டு நாள் வாடகை வாங்கிட்டாரு.